தெருவில் போடாத பாவு

ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்துவிட்டான் என்ற செய்தி மொரப்பூர் ரயில் நிலையம் வழியாக ஆவாரம்பட்டிக்கு வந்து சேர்ந்தது. சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள் சொன்னார்கள். நெசவுத் தெருவில் அதைக் கேட்டவர்கள் கொஞ்ச நேரம் பேசிவிட்டு அவரவர் தறிக்குப் போய்விட்டார்கள். நஞ்சம்மாள் மட்டும் கையில் இருந்த நூலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் தீர்த்தகிரி அங்கேதான் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தான்.

அவன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மில் துணி வந்து, கைத்தறித் துணியைச் சீந்துவாரில்லாமல் போன காலம் அது. தெருவில் பாதித் தறிகள் தூசி படிந்து கிடந்தன. ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு தீர்த்தகிரியும் கிளம்பினான். மொரப்பூரில் ரயில் ஏறும்போது, இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன், வந்ததும் கூரையைப் பிரித்து ஓடு போடலாம் என்றான். கிளம்புகிறவன் முன்னால் அழக்கூடாது என்று நஞ்சம்மாள் அழவில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் மாமனார் மட்டும் இருந்தார். அவர் இருந்தவரை தறி ஓடியது. அவர் கண்ணை மூடியபின் நஞ்சம்மாளே தறிக்குழியில் இறங்கினாள்.

அந்தத் தெருவில் பெண்கள் நூல் சுற்றுவார்கள், கஞ்சி காய்ச்சுவார்கள், இழை கூட்டுவார்கள். தறியில் உட்காருவது ஆண்கள்தான். நஞ்சம்மாள் உட்கார்ந்ததும் முதலில் சிரித்தார்கள். அவள் நெய்து இறக்கிய துப்பட்டியைத் தொட்டுப் பார்த்தபிறகு சும்மா இருந்தார்கள். கெட்டியான அந்தப் போர்வைகளைச் சித்தேரி மலைக்காரர்கள் அரூர்ச் சந்தையில் தேடி வந்து வாங்கினார்கள்.

நெய்வதை ஒருத்தி தனியாகச் செய்துவிடலாம். பாவு போடுவது அப்படி இல்லை. துணியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. அதைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தடவி, நார்க்குஞ்சத்தால் நீவி, அறுந்த இழைகளை முடிந்து, காய்ந்ததும் பதமாகச் சுருட்டி எடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு ஆளாவது வந்து நின்றால்தான் முடியும். இன்றைக்கு இவர் பாவு என்றால் நாளைக்கு அவர் பாவு. அதற்குக் கூலி கிடையாது. கல்யாணம் பேசுவது, சண்டை மூள்வது, சமாதானம் ஆவது எல்லாமே பாவுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டுதான் நடக்கும். பகலெல்லாம் தனியாக இருப்பது நஞ்சம்மாளுக்கு அவ்வளவாக உறைக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்தக் காலைப்பொழுதுகள்.

மலேயா விழுந்தபின் அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மொரப்பூர்த் தபால்காரர் அவளைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போய்விடுவார். மாதங்கள் ஓடின. தெருவில் பெண்கள் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். குங்குமம் இருந்தால் ஒரு மாதிரி பார்த்தார்கள், காலையில் வைக்க மறந்திருந்தால் வேறு மாதிரி பார்த்தார்கள். நாளாக ஆக, குங்குமச் சிமிழைத் திறக்கும்போது அவளுக்கே கை தயங்கியது.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, வேறொரு வீட்டுப் பாவில் அவள்தான் முதலில் கை வைத்து இழை முடிந்தாள், சற்று நேரத்தில் அதன்மேல் மழை கொட்டிவிட்டது. கஞ்சி கரைந்து நூலெல்லாம் கட்டிகட்டியாகப் போனது. கார்த்திகையில் மழை பெய்வதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் கை பட்டதால்தான் என்று அன்றைக்கே தெருவில் பேச்சு கிளம்பியது.

மறுநாள் காளியப்பன் அவள் வீட்டுக்கு வந்தார். தெருவுக்குப் பெரியதனம் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. தீர்த்தகிரியின் அப்பா இறந்தபோது எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று நடத்தியவர். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"உன்னை யாரும் குத்தம் சொல்லல நஞ்சம்மா. தீர்த்தகிரி இருக்கறானா இல்லையான்னு எங்களுக்குத் தெரியல. உனக்கும் தெரியல. கட்டுக்கழுத்தியா இருந்தா அதுக்கு ஒரு மொறை இருக்குது. இல்லாதவளுக்கு ஒரு மொறை இருக்குது. நீ ரெண்டுலயும் சேராம நிக்கற. பாவு போடறவனுக்கு மனசு ஒப்ப மாட்டேங்குது. சேதி தெரியற மட்டும் நீ தெருவுக்கு வராம இரு."

"அப்ப என் பாவுக்கு யாரு மாமா வருவாங்க?"

காளியப்பன் பார்க்கலாம் என்று முனகிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

யாரும் வரவில்லை. கூப்பிடப்போன வீடுகளில் ஒருத்திக்கு இடுப்பு வலி, ஒருத்திக்கு அம்மா வீட்டுக்குப் போகும் அவசரம். விடியற்காலையில் நஞ்சம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று தெருச் சத்தத்தைக் கேட்டாள். யாரோ ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்பது மட்டும் காதில் விழவில்லை. கதவைத் திறந்து கேட்கவும் முடியாது. பிறகு அந்த நேரத்தில் கொல்லைப் பக்கம் போய்விடப் பழகிக்கொண்டாள்.

கொல்லையில் தனியாகவே ஒரு சின்னப் பாவை இழுத்துக் கட்டிப் பார்த்தாள். ஒரு முனையில் கஞ்சி தடவிக்கொண்டிருக்கும்போதே மறுமுனை காய்ந்து விறைத்தது. ஓடி ஓடி நீவினாள். காற்றடித்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சிக்கை எடுக்க உட்கார்ந்து, எடுக்க முடியாமல், கடைசியில் கத்தியால் அறுத்துப் போட்டாள். அன்றைக்கு அவள் சோறு ஆக்கவில்லை.

அதற்குள் நூல் பஞ்சம் வந்துவிட்டது. யுத்தத்துக்காக மில் நூலெல்லாம் எங்கேயோ போக, கார்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். கிடைத்த நூல் தெரு நீளப் பாவுக்குக் காணவில்லை. இரண்டு மூன்று வீட்டு நூலைச் சேர்க்கலாம் என்றால் ஒன்று தடிமனாகவும் ஒன்று மெலிசாகவும் இருந்தது. ராகிக்கும் தட்டுப்பாடு. பிள்ளைகளுக்குக் கூழுக்கு இல்லாதபோது நூலுக்குக் கஞ்சி காய்ச்ச யாருக்கும் கை வரவில்லை. ஒவ்வொரு தறியாக நின்றது. ஆண்கள் சேலம் மில்லுக்கும் மேட்டூருக்கும் பட்டாளத்துக்கும் போனார்கள்.

நஞ்சம்மாளுக்கும் கார்டு நூல் கொஞ்சம் கிடைத்தது. அதை மூங்கில் சட்டத்தில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கை தன்னால் நின்றது. இத்தனை நீள நூல் இந்தச் சின்னச் சட்டத்தில் வட்டமாகச் சுருண்டு அடங்கியிருக்கிறது. பாவு மட்டும் எதற்காகத் தெரு நெடுகப் போக வேண்டும் என்று யோசித்தாள். ஆள் உயரத்துக்கு ஒரு உருளை செய்து வீட்டுக்குள் நிறுத்திவைத்தால், பாவை அதன்மேலேயே சுற்றிவிடலாம். தெருவையே சுருட்டி வீட்டுக்குள் கொண்டுவந்த மாதிரி. கஞ்சியை முன்னாலேயே போட்டுக்கொள்ளலாம். நூல் கடையிலிருந்து வந்த கட்டாக, சிட்டமாக இருக்கும்போதே முக்கிப் பிழிந்து காயவைத்துவிட்டால் தெருவில் நின்று நீவவே வேண்டாம்.

கோவிலூரிலிருந்து சவுரியப்பன் என்ற தச்சரைக் கூட்டிவந்தாள். கூலிக்குத் துணி நெய்து தருவதாகப் பேச்சு. கொல்லையில் நின்ற வேம்பை வெட்டச் சொன்னாள். அவள் மண்ணில் குச்சியால் கிழித்துக் காட்டியதைச் சவுரியப்பன் வெகுநேரம் பார்த்தார். உருளை சரி, அதைச் சுற்றவும் ஆகும், ஆனால் இழைகளைப் பிரித்து விடுகிற பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கிக்கொண்டே போக வேண்டும், அதற்கு இன்னொரு ஆள் வேண்டுமே என்றார். தனக்கு ஆள் இல்லை என்றாள் நஞ்சம்மாள். சொந்தக்காரர் யாராவது, என்று அவர் இழுத்தார். அவள் குனிந்து மண்ணில் மறுபடி கிழிக்க ஆரம்பித்தாள். சவுரியப்பன் மேற்கொண்டு கேட்கவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெட்டிய மரத்தின்மேல் உட்கார்ந்து யோசித்தார். கடைசியில் இருவருமாகப் பேசி ஒரு வழி கண்டார்கள். பலகையை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றின் மறுமுனையை உருளையின் நடுத்தண்டில் கட்டினார்கள். உருளை சுற்றச் சுற்றக் கயிறு தண்டில் சுருண்டது. பலகை தானாக மேலே ஏறியது.

முதல் முறை நூல் மொத்தமும் கெட்டது. சிட்டத்தில் போட்ட கஞ்சி காய்ந்து, இழைகள் சடைபோல ஒட்டிக்கொண்டன. ராகியைத் தண்ணியாகக் காய்ச்சிப் பார்த்தாள், பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் பஞ்சமில்லாமல் கிடைத்தது புளியங்கொட்டை ஒன்றுதான். வறுத்து, தோலெடுத்து, இடித்து, கூழாகக் காய்ச்சி, கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டாள். நூலை அதில் முக்கிப் பிழிந்து, மூங்கிலில் போட்டு, காயக் காய உதறிக்கொண்டே இருந்தாள். இழைகள் ஒட்டாமல் தனித்தனியாக நின்றன. தொட்டால் மொரமொரவென்று இருந்தது. இரண்டு துப்பட்டிக்குப் போதுமான சின்னப் பாவு அந்த உருளையிலிருந்து இறங்கியபோது அதைக் காட்ட அவளுக்கு ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் உருளைக்குப் பக்கத்திலேயே நின்றாள். பிறகு பாவைத் தறியில் ஏற்றினாள்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. சுற்றினாள், நெய்தாள், அரூருக்கு நடந்துபோய் விற்றுவிட்டு வந்தாள். வாரக்கணக்கில் பேசாமலே இருந்துவிடுவாள். ஒருமுறை சந்தையில் மலைக்காரர் ஒருவர் போர்வையை விரித்துப் பார்த்து, இது சாயம் போகுமா என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரலே வரவில்லை. காறிக் காறித்தான் பேச முடிந்தது. உடம்பு சரியில்லையாம்மா என்று அவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தாள்.

அடுத்த வீட்டு முனியம்மாள்தான் முதலில் வந்தாள். அவளுடைய புருஷன் சேலம் மில்லில் இருந்தான். கார்டு நூல் வீட்டில் சும்மா கிடந்தது. கொல்லை வேலியில் இருந்த இடுக்கு வழியாக நுழைந்து, அக்கா, தறிச் சத்தம் கேட்டுக்கினே இருக்குதே, எப்படி என்று கேட்டாள். நஞ்சம்மாள் உருளையைக் காட்டினாள். அன்று முழுக்க இருவரும் முனியம்மாளின் நூலைச் சுற்றினார்கள். வேலை சீக்கிரமே முடிந்துவிடும் என்று தெரிந்து நஞ்சம்மாள் மெதுவாகவே சுற்றினாள். முனியம்மாள் தெருக்கதை எல்லாம் சொன்னாள். யார் வீட்டில் யார் பெரியவள் ஆனாள், யார் மாட்டை விற்றார்கள் என்பதெல்லாம் நஞ்சம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் வேறு பெண்கள் வந்தார்கள். முதலில் கொல்லை வழியாக வந்தவர்கள் பிறகு வாசல் வழியாகவே வந்தார்கள். பசி வந்த இடத்தில் சகுனம் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. அந்த ஒரு வருஷம் நஞ்சம்மாள் வீட்டில் ஆள் இல்லாத காலை கிடையாது. ஒருத்தி சுற்றுவாள், இருவர் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள், ஒருத்தி புளியங்கொட்டை இடிப்பாள். நஞ்சம்மாள் எல்லாருக்கும் வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். நின்றுபோன தறிகள் மறுபடி ஓடின. ஊரைவிட்டுப் போன ஆண்களில் சிலர் திரும்பி வந்தார்கள். கொஞ்ச நூல் கிடைத்தாலும் துணியாக்கிவிடலாம் என்று ஆகிவிட்டதால் தெரு பிழைத்துக்கொண்டது.

காத்திருக்க முடியாதவர்கள் சவுரியப்பனைத் தேடிப் போனார்கள். முதல் உருளை முனியம்மாள் வீட்டுக்குத்தான் வந்தது. பிறகு வீட்டுக்கு வீடு வந்தது. சவுரியப்பன் அதை நஞ்சம்மா உருளை என்றே சொல்லி விற்றார். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் கேட்டு வந்தார்களாம். ஒரு தை மாதத்தில் நஞ்சம்மாள் காலையில் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. தெருவை எட்டிப் பார்த்தாள். பாவு போடுகிறவர்கள் இல்லை. நாய் ஒன்று நடுத்தெருவில் படுத்திருந்தது. எல்லா வீட்டுக்குள்ளிருந்தும் உருளை சுற்றும் கிறீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

யுத்தம் முடிந்து அடுத்த வருஷம் மாதேஸ் என்பவன் மலேயாவிலிருந்து திரும்பினான். பக்கத்து ஊர்க்காரன், தீர்த்தகிரியோடு ஒரே கப்பலில் போனவன். எலும்பும் தோலுமாக இருந்தான். நஞ்சம்மாள் அவனைத் தேடிப் போனாள். சயாம் காட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களை லாரி லாரியாக ஏற்றிப் போனதைச் சொன்னான். தீர்த்தகிரி முன்னால் போன கூட்டத்தில் இருந்தானாம். காலராவும் காய்ச்சலும் வந்து அந்த முகாமில் நிறையப் பேர் போய்விட்டார்களாம்.

"அவரு செத்ததை நீ பாத்தியாப்பா?" என்று நஞ்சம்மாள் கேட்டாள்.

"பாக்கலைங்க அக்கா. பொய் சொல்ல மாட்டேன். திரும்பி வந்த ஆளுங்கள்ல அவரு இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் வீட்டுக்கு நடந்தாள். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தாள். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. இனித் தெருவில் பாவும் இல்லை, அவள் வரலாமா கூடாதா என்று சொல்ல ஆளும் இல்லை. அந்தக் கேள்வி இப்போது அவள் ஒருத்திக்குத்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ரயிலடியில் அழாததையும் சேர்த்து அழுதாள். தாலியைக் கழற்றவில்லை.

சில நாள் கழித்து முனியம்மாள் வீட்டுக்குப் போனாள். ஒருநாள் உன் வீட்டில், ஒருநாள் என் வீட்டில் என்று சேர்ந்து பாவு சுற்றலாமே என்று கேட்டாள். முனியம்மாள் உருளையைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"எதுக்குக்கா? இதுல ரெண்டு பேரு வேலை இல்லையே" என்றாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. சும்மா உள்ளதைச் சொன்னாள். நஞ்சம்மாள் ஆமாம் என்றுவிட்டு வந்துவிட்டாள்.

சுதந்திரம் வந்த வருஷம் மழை பிந்தியது. ஒரு காலை காளியப்பன் வந்தார். பார்வை மங்கிப்போயிருந்தது. மகன்கள் இருவரும் சேலத்தோடு போய்விட்டார்கள். மருமகள் ஒருத்தி மட்டும் வீட்டில் இருந்து உருளை சுற்றி நெய்துகொண்டிருந்தாள். இந்த முறை வாசலில் நிற்காமல் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

"காலைல எழுந்தா போறதுக்கு ஒரு எடமில்ல நஞ்சம்மா" என்றார். "முன்ன தெருவுக்கு வந்தா நாலு மூஞ்சி பாப்பேன். இப்ப எல்லாரும் வூட்டுக்குள்ள இருக்கறாங்க. மருமவகிட்ட போய் நின்னா, ஒதுங்குங்க மாமாங்கறா. அவளுக்கு வேலை."

நஞ்சம்மாளுக்கு அவரிடம் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. அந்தக் கார்த்திகையிலிருந்து மனதுக்குள் எத்தனையோ முறை கேட்டு முடித்த கேள்விகள். அவர் கைகள் முழங்காலின்மேல் சும்மா கிடந்ததைப் பார்த்தாள். பாவுக் காலைகளில் அந்தக் கைகள் சும்மா இருந்து அவள் பார்த்ததில்லை. காப்பி குடிக்கிறீங்களா மாமா என்று மட்டும் கேட்டாள்.

"உன்னை அன்னிக்கி அப்படிச் சொன்னது" என்று அவர் ஆரம்பித்தார்.

"விடுங்க மாமா" என்றாள். மன்னித்துவிட்டதால் அல்ல. அந்தப் பேச்சைத் தொடங்கினால் அவர் நாளைக்கு வராமல் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

அவர் மறுநாளும் வந்தார். அப்புறம் அனேகமாகத் தினமும் வந்தார். அவருக்குக் கொடுக்க அவளிடம் ஒரு வேலையும் இல்லை. அவள் சுற்றுவாள், அவர் உட்கார்ந்திருப்பார். ராகி விலையைக் கேட்பார். தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்த கதையைச் சொல்வார். சொன்னதையே மறுநாளும் சொல்வார். அவள் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பாள். ஒன்றும் பேசாமல் போன நாட்களும் உண்டு. தீர்த்தகிரியைப் பற்றி மட்டும் இருவருமே பேசியதில்லை.

ஐப்பசி மழையில் அவர் படுக்கையில் விழுந்தார். இரண்டு நாள் வராமல் போகவே நஞ்சம்மாள் போய்ப் பார்த்தாள். இருட்டு அறையில் தனியாகக் கிடந்தார். பக்கத்து அறையில் மருமகளின் தறி ஓடிக்கொண்டிருந்தது. உருளையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதனால் மறுநாள் நூல் சுற்றும் சின்ன ராட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அதை வைத்துச் சுற்ற ஆரம்பித்தாள். யாரது என்று கேட்டார். நான்தான் என்றாள். மருமகள் எட்டிப் பார்த்துவிட்டுத் தறிக்குத் திரும்பினாள். அவர் இருந்த கடைசி நாட்களிலெல்லாம் நஞ்சம்மாளின் காலை வேலை அந்த அறையில்தான் நடந்தது.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நஞ்சம்மாள் வழக்கமான நேரத்துக்கு எழுந்தாள். ராட்டையையும் நூலையும் எடுத்து வைத்துக்கொண்டபிறகுதான் போவதற்கு இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். பிறகு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

முனியம்மாள் உருளையோடு நின்றுகொண்டிருந்தாள். என்னக்கா, ஏதாவது வேணுமா என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம். இங்க ஒக்காந்து சுத்திக்கறேன்" என்றாள் நஞ்சம்மாள்.

முனியம்மாள் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த நூல் கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளி இடம் விட்டுவிட்டு, தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நஞ்சம்மாள் உட்கார்ந்தாள்.